பங்கில் இருப்பவருக்குப் பங்கு இல்லையா?

கேள்வி: எனக்கு 58 வயது. 1987-இல் திருமணமானது. எங்கள் அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். 80 வயதான அம்மா, அண்ணனுடன் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். அண்ணன், நான், கணவரை இழந்த என் தங்கை என்று நாங்கள் மூவர். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 4 ஏக்கர் 50 சென்ட் தோட்டமும் ஒரு கிணறும் அப்பா பெயரில் இருக்கின்றன. தங்கையையும் என்னையும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருமாறு அண்ணன் அழைக்கிறார். "முப்பது பவுன் போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அதுவுமில்லாம 1989-க்கு முன்னாடி கண்ணாலம் ஆன பொண்ணுக்குப் பங்கு கெடையாதுன்னு பத்திரம் எழுதறவரே சொல்லிட்டாரு" என்கிறார். அன்பியக் கூட்டத்தில் (எங்கள் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் கூட்டம்) பெரியவர் ஒருவர் லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தை வாசித்து, சொத்தைப் பிரித்துத் தரச் சொன்னவனை இயேசுவே கடிந்துகொண்டார் என்றார். விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்று பவுல் சொன்னதையும் எடுத்துக்காட்டினார். பங்குத்தந்தை சமாதானமாகப் போகச் சொல்கிறார். பொறந்த வீட்டு வாசல் எனக்கு அடைபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பங்கு கேட்பது பாவமா? விவிலியத்தில் பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டா?

— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்களே அறியாமல் எழுதிவிட்ட ஒரு முரண்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்குப் பங்கே கிடையாது என்று சொன்ன அதே பத்திர எழுத்தர்தான் உங்கள் கையெழுத்தோடு ஒரு விடுதலைப் பத்திரம் தயாரிக்க முனைகிறார். விடுதலைப் பத்திரம் என்பது, ஒரு சொத்தில் தமக்கு இருக்கும் உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு விட்டுக்கொடுத்து எழுதிப் பதிவு செய்யும் ஆவணம். உரிமை இல்லாதவர் எதை விட்டுக்கொடுப்பார்? உங்கள் கையெழுத்தைக் கேட்பதன் மூலமே உங்கள் அண்ணன் உங்கள் உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகையால் இந்தப் பதிலைப் படித்து முடித்து, தங்கையோடும் அம்மாவோடும் பேசி, நீங்களாக ஒரு முடிவுக்கு வரும்வரை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்பது என் முதல் ஆலோசனை.

1989 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழக அரசு அந்த ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் முதல் கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தந்தது. அதற்கு முன் திருமணமான மகள்களை மட்டும் விலக்கி வைத்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பங்களிலேயே அந்த விலக்கு பழங்கதையாகிவிட்டது. எப்படியாயினும், நம் ஊரில் பத்துப் பத்திரத்துக்கு ஒன்பது இந்துக் குடும்பத்துப் பத்திரமாக இருப்பதால், எழுத்தர்களுக்கு அந்தச் சட்டம்தான் நாக்கு நுனியில் நிற்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்பது பலருக்கு நினைவுக்கு வருவதே இல்லை. கிறிஸ்தவராக வாழ்ந்து, உயில் எழுதாமல் இறந்த உங்கள் தந்தையின் சொத்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படிதான் இறங்கும். அதில் மகன் என்றும் மகள் என்றும், மணமானவள் என்றும் மணமாகாதவள் என்றும் எந்த வேறுபாடும் இல்லை.

கணக்கு எளியது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. உங்கள் 4 ஏக்கர் 50 சென்டில் அம்மாவுக்கு 1 ஏக்கர் 50 சென்ட், அண்ணனுக்கு ஓர் ஏக்கர், உங்களுக்கு ஓர் ஏக்கர், தங்கைக்கு ஓர் ஏக்கர். உங்கள் வீட்டுப் பேச்சுகளில் அம்மாவின் பங்கைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முப்பது பவுனுக்கும் அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு பதில் வைத்திருக்கிறது: தந்தை தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, அவர் இறந்தபின் அந்தப் பிள்ளைக்குச் சேரும் பங்கில் கழிக்கக் கூடாது. அப்படிக் கழிப்பதென்றால் அண்ணனின் படிப்புச் செலவையும், அவர் வைத்த முதல் மோட்டாரின் விலையையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்!

ஆனால் இந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களுக்குப் பிறப்பால் வரும் கூட்டுக் குடும்பச் சொத்து என்று ஒன்று இல்லை. பாட்டன் சொத்தாகவே இருந்தாலும், தந்தையின் கைக்கு வந்தபின் அது அவருடைய தனிச்சொத்து. அவர் முழுவதையும் அண்ணன் பெயருக்கு முறைப்படி உயில் எழுதியிருந்தால் நான் உங்களுக்கு வேறு பதில் எழுதியிருப்பேன்.

கேரளத்துப் பெண்மணி ஒருவர் வழக்குப் போட்ட பிறகுதான் கிறிஸ்தவப் பெண்களுக்குப் பங்கு வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது மேரி ராய் வழக்கு. திருவிதாங்கூர்ப் பகுதிக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. திருவிதாங்கூரில் அதுவரை இருந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டும்தான். நம் கொங்குச் சீமையோ கோவை, சேலம் மாவட்டங்களாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னோடியான 1865-ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே இங்குள்ள கிறிஸ்தவ மகளுக்கு ஏட்டில் சமபங்கு உண்டு. ஏட்டில் உண்டு, தோட்டத்தில்தான் இல்லை. அத்தீர்ப்பைத் திருச்சபை வட்டாரங்களில் எல்லோரும் மகிழ்ந்து வரவேற்கவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

சட்டத்தைச் சொல்லியாயிற்று. உங்கள் நெஞ்சை அறுப்பது விவிலியம் பற்றிய கேள்வி என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரத்தை நான் என் இளநிலை வழக்குரைஞர்களுக்கு, அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், வாசிக்கக் கொடுப்பதுண்டு. ஏனெனில் அது அவ்வளவு நேர்த்தியாக வரையப்பட்ட ஒரு பிராது. செலொபுகாது என்பவர் பாலைநிலத்தில் இறந்துபோகிறார். அவருக்கு மகன் இல்லை. மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா என்று ஐந்து மகள்கள். நாட்டைப் பங்கிடுகையில் தங்கள் தந்தையின் பெயர் விடுபட்டுப்போகும் என்று கண்ட அந்த ஐவரும், சந்திப்புக் கூடாரத்தின் நுழைவாயிலில் மோசேயின் முன்னும், குரு எலயாசரின் முன்னும், தலைவர்கள் முன்னும், சபை முழுவதன் முன்னும் வந்து நிற்கிறார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் முன்கூட்டியே அறிந்து, எங்கள் தந்தை ஆண்டவருக்கு எதிராகக் கிளம்பிய கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவர் இல்லை என்று முதலிலேயே அடைத்துவிடுகிறார்கள். பிறகு, மகன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தந்தையின் பெயர் அவர் குடும்பத்திலிருந்து ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்டு, தந்தையின் சகோதரர்களிடையே தங்களுக்கும் நிலம் வேண்டும் என்கிறார்கள்.

அவர்களை அடக்கமில்லாதவர்கள் என்று மோசே திட்டவில்லை. சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவிடவும் இல்லை. தமக்கு விடை தெரியாததால் வழக்கை ஆண்டவரிடம் கொண்டு போகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்பதே ஆண்டவரின் மறுமொழி. மகன் இல்லாதவரின் உரிமைச் சொத்து மகளைச் சேரும் என்ற விதி, ஐந்து பெண்கள் வாய்திறந்து கேட்டதனால் இஸ்ரயேலின் சட்டத்துக்குள் வந்தது. அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. யோசுவா நூலின் 17-ஆம் அதிகாரத்தில், நிலத்தை உண்மையாகவே பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், அதே ஐவரும் மீண்டும் எலயாசர் முன்னும் யோசுவா முன்னும் வந்து, எங்களுக்கும் தரச் சொல்லி ஆண்டவர் கட்டளையிட்டாரே என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆண்டவரே வழங்கிய தீர்ப்புக்கும் ஒரு நிறைவேற்று மனு தேவைப்பட்டிருக்கிறது!

இடையில் 36-ஆம் அதிகாரமும் இருக்கிறது. இந்தப் பெண்கள் வேறு குலத்தில் மணம் முடித்தால் எங்கள் நிலம் அங்கே போய்விடுமே என்று குலத்தலைவர்கள் மோசேயிடம் முறையிடுகிறார்கள். "சொத்து வேத்துக் குலத்துக்குப் போயிரும்" என்று நம் தோட்டத்துத் திண்ணைகளில் கேட்கும் பேச்சேதான். அந்தக் கவலைக்காக, தந்தையின் குலத்துக்குள்ளேயே அவர்கள் மணந்துகொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அவர்களும் தந்தையின் சகோதரர் மக்களையே மணந்தார்கள். கொடுத்த நிலத்தை யாரும் திருப்பி வாங்கவில்லை.

உங்கள் அண்ணன் இங்கே ஒரு நியாயமான மறுப்பை வைக்கலாம்: அங்கே மகன் இல்லை, இங்கே நான் இருக்கிறேன் என்று. உண்மைதான். மோசேயின் சட்டம் மகன் இல்லாதபோதுதான் மகளிடம் வருகிறது. வாக்கியத்தில் இல்லாததை அதற்குள் திணிக்கக் கூடாது. ஆனால் கத்தோலிக்கர் விவிலியத்தை ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்துச் சட்டப்பிரிவுபோல் வாசிப்பதில்லை. பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் அந்தந்தக் காலத்துக்கு உரியவையும் இருக்கின்றன என்றும், ஆயினும் கடவுள் தம் மக்களுக்குக் கற்பித்து வளர்த்த முறை அவற்றில் புலப்படுகிறது என்றும் கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் கற்பித்தது. ஆகவே, வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதுபோல, இந்த நூல்கள் மகளை எந்தப் பக்கம் கொண்டு செல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

யோபு நூலின் கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். இழந்ததை எல்லாம் திரும்பப் பெற்ற யோபுக்கு ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பிறக்கிறார்கள். ஆண்மக்கள் ஏழு பேரின் பெயரும் நூலில் இல்லை. எமிமா, கெட்சியா, கெரேன் அப்பூக்கு என்று மகள்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. அவர்களுடைய சகோதரர்களோடு அவர்களுக்கும் தந்தை உரிமைச் சொத்துக் கொடுத்தார் என்று நூல் சொல்கிறது (யோபு 42:15). ஏழு மகன்கள் இருக்கும்போதே! எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாவற்றையும் இழந்து, நியாயம் என்றால் என்ன என்று கடவுளோடே வாதாடிய ஒரு மனிதர், மீண்டும் சொத்து வந்ததும் செய்த செயலாக நூல் குறிப்பிடுவது இதைத்தான். மறையுரைகளில் யோபுவின் பொறுமையைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இந்த ஒரு வரியைப் பற்றி நான் கேட்டதில்லை.

மற்றொருவர் அக்சா (யோசுவா 15:16-19). காலேபின் மகள். காலேபுக்கு மகன்களும் இருந்ததை விவிலியத்தின் குறிப்பேடு நூல் சொல்கிறது. தந்தை அவளுக்கு நிலம் கொடுத்திருக்கிறார். ஆனால் அது நெகேபு என்னும் வறண்ட பூமி. அவள் கழுதையிலிருந்து இறங்குகிறாள். என்ன வேண்டும் என்று தந்தை கேட்கிறார். வறண்ட நிலத்தைத் தந்தீர், நீரூற்றுகளையும் தாரும் என்கிறாள். மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் காலேபு கொடுக்கிறார். தண்ணீர் இல்லாத மேட்டாங்காட்டைத் தங்கைக்கு ஒதுக்கிவிட்டுக் கிணற்றோடு கூடிய தோட்டத்தைத் தமக்கு வைத்துக்கொள்ளும் பாகப் பத்திரங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்; அவற்றைப் புரட்டும்போதெல்லாம் இந்தப் பெண் கழுதையிலிருந்து இறங்குவது என் கண்முன் வரும்.

புராட்டஸ்டன்ட் விவிலியத்தில் இல்லாமல், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இடம்பெறும் இரண்டு நூல்களையும் மறக்க வேண்டாம். தோபித்து நூலில் இரகுவேல் தம் ஒரே மகள் சாராவைத் தோபியாவுக்கு மணமுடித்தபின், சொத்தில் பாதியை அப்போதே கொடுத்து, தாமும் மனைவியும் இறந்தபின் மீதியும் அவர்களுக்கே என்கிறார். கணவரை இழந்த யூதித்து, அவர் விட்டுச்சென்ற பொன், வெள்ளி, கால்நடை, வயல் அனைத்தையும் தானே நிர்வகிக்கிறார். இறக்கும் முன் அவற்றைக் கணவரின் உறவினர்க்கும் தம் உறவினர்க்கும் தாமே பங்கிட்டுக் கொடுக்கிறார். உங்கள் தங்கைக்கு இந்த நூலை வாசிக்கக் கொடுங்கள்.

அரசர் இரண்டாம் நூலின் 8-ஆம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப்பெண் ஒருத்தி வருகிறாள். பஞ்சத்துக்காக ஏழாண்டு பிலிஸ்தியர் நாட்டில் தங்கிவிட்டுத் திரும்பி, தன் வீட்டையும் நிலத்தையும் கேட்டு அரசனிடம் முறையிடுகிறாள். நிலத்தை மட்டுமல்லாமல், அவள் புறப்பட்ட நாள் முதல் அன்றுவரை அந்த வயலில் விளைந்த விளைச்சலின் வருவாயையும் சேர்த்துக் கொடுக்க அரசன் ஆணையிடுகிறான். மூன்று ஆண்டு மஞ்சளுக்கும் கரும்புக்கும் உங்கள் அண்ணன் கணக்குச் சொல்ல வேண்டும் என்று இதைக் காட்டி நான் உங்களைத் தூண்டவில்லை. உழைப்பும் செலவும் அவருடையவை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அதைப் பேச்சில் மதிக்க வேண்டும்.

இனி லூக்கா 12. கூட்டத்திலிருந்து ஒருவர், சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரருக்குச் சொல்லும் என்கிறார். என்னை உங்களுக்கு நடுவராகவோ பாகம் பிரிப்பவராகவோ அமர்த்தியவர் யார் என்று இயேசு கேட்கிறார். அன்பியத்துப் பெரியவர் வாசிப்பை இங்கே நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். பாகம் கேட்பது தவறு என்று இயேசு சொல்லவில்லை. அந்த நடுவர் வேலை தம்முடையது அன்று என்றார். தொடர்ந்து எல்லாவகைப் பேராசையைக் குறித்தும் எச்சரிக்கையாய் இருங்கள் என்று எல்லோரையும் நோக்கிச் சொல்லி, ஓர் உவமையை எடுக்கிறார். அந்த உவமையில் வருபவன் பங்கு கேட்டு நிற்பவனா? நிலம் நன்றாய் விளைந்து, தானியம் வைக்க இடம் போதாமல், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த நிலக்காரன். என் விளைச்சல், என் களஞ்சியம் என்று அவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். உடன்பிறந்தவர் எவரும் அந்தப் பேச்சில் வருவதில்லை. எச்சரிக்கை கேட்பவருக்கும் உண்டு, அதை நீங்களும் உங்கள் மனத்துக்குள் கேட்டுப் பாருங்கள். ஆனால் உவமை முதலில் யார் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் அப்படித்தான். சகோதரர் சகோதரர் மேல் வழக்குத் தொடுப்பதைவிட அநீதியைப் பொறுத்துக்கொள்ளலாகாதா என்று அவர் கேட்பது மெய். அடுத்த வசனத்திலேயே, நீங்களோ அநீதி செய்கிறீர்கள், வஞ்சிக்கிறீர்கள், அதுவும் சகோதரர்களுக்கே என்று மறுபக்கம் திரும்புகிறார் (1 கொரிந்தியர் 6:8). சற்று முன்னதாக, உங்களுக்குள் வழக்கைத் தீர்த்துவைக்கும் ஞானமுள்ள ஒருவர்கூடவா இல்லை என்றும் கேட்கிறார். வழக்கு என்று ஒன்று இருப்பதை அவர் மறுக்கவில்லை. அதை உள்ளே வைத்து நியாயமாகத் தீர்க்கச் சொல்கிறார். பங்குத்தந்தையிடம் நீங்கள் போய்க் கேட்க வேண்டியதும் இதைத்தான்: சமாதானம் வேண்டும் சாமி, அதற்கு எங்கள் மூன்று பேரையும் அம்மாவையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச நியாயம் தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள் என்று.

திருச்சபையின் போதனை இதில் மழுப்பவில்லை. பாலினம் உள்ளிட்ட எதன் பெயராலும் மனிதரின் அடிப்படை உரிமைகளில் வேற்றுமை காட்டுவது கடவுளின் திட்டத்துக்கு முரணானது, அது களையப்பட வேண்டும் என்று சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு 29-ஆம் பத்தியில் கூறுகிறது. கத்தோலிக்க மறைக்கல்வி ஏழாம் கட்டளையை விளக்குகையில் (2409), நாட்டுச் சட்டத்துக்கு மாறாக இல்லாவிட்டாலும்கூட, பிறருக்குரியதை அநியாயமாக எடுப்பதும் வைத்துக்கொள்வதும் களவு செய்யாதே என்ற கட்டளைக்கு எதிரானது என்கிறது. அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமையைப் பற்றிச் சொல்லும்போது (2412) ஏமாற்றி வாங்கியதைத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்ன வரிதண்டுவோர் தலைவர் சக்கேயுவைச் சான்று காட்டுகிறது. இவற்றை வைத்து உங்கள் அண்ணனைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஊர் வழக்கம் எதுவோ அதைச் செய்கிறார், அவ்வளவுதான். ஆனால் பாவத்தைப் பற்றிய கேள்வி இந்த வீட்டில் எழுமானால், அது கேட்பவரை நோக்கி மட்டும் எழக் கூடாது. யாருக்கு எத்தனை ஏக்கர் என்று திருச்சபைச் சட்டம் பிரித்துக் கொடுப்பதில்லை. அந்தக் கணக்கை நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவைத்திருக்கிறது.

கத்தோலிக்கத் தமிழில் பங்கு என்றால் கோயிலைச் சேர்ந்த மக்கள் கூட்டம். வீட்டில் பங்கு என்றால் பாகம். ஒன்றில் உங்கள் பெயர் திருமுழுக்குப் பதிவேட்டில் அண்ணன் பெயருக்கு நிகராக எழுதப்பட்டிருக்கிறது. ஆண் என்றும் பெண் என்றும் இல்லை, எல்லாரும் கிறிஸ்துவோடு ஒன்றாயிருக்கிறீர்கள் என்று எழுதிய பவுல், அடுத்த மூச்சிலேயே, ஆகவே நீங்கள் உரிமைப்பேறு உடையவர்கள் என்று சொத்து வழக்கின் சொல்லையே எடுத்துக்கொள்கிறார் (கலாத்தியர் 3:28-29). அவர் பேசியது விண்ணக உரிமைப்பேறு பற்றித்தான். விண்ணகத்தில் சமபங்கு, வாய்க்கால் கரையில் ஒன்றுமில்லை என்று வாசிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பொறந்த வீட்டு வாசல் பற்றிய உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் அத்தையோடு ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் அரைநாள் காத்திருந்தோம். உள்ளே அழைத்ததும், "எங்கீங்க சாமி கை வெக்கோணும்?" என்று கேட்டுவிட்டு, மை தோய்ந்த கட்டைவிரலைக் காட்டிய இடமெல்லாம் ஊன்றினார், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வெளியே வந்து விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஒரு சேலையும் ஓட்டலில் நெய் ரோஸ்டும் கிடைத்தன. வாசல் கடைசிவரை திறந்துதான் இருந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்க, தான் பிறந்த தோட்டத்துத் தேங்காயைக் காசு கொடுத்துத்தான் அவர் வாங்கினார். அந்த மையின் கறை சேலையிலிருந்து போகவில்லை என்று பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அண்ணனுக்கே முழுவதையும் விட்டுக்கொடுக்க நீங்கள் விரும்பினால், அதையும் நான் தடுக்க மாட்டேன். கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் முதலில் உங்கள் ஓர் ஏக்கர் உங்களுடையது என்று எல்லோரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளட்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அது உங்கள் பெயரில் வரட்டும். பிறகு அண்ணனுக்குக் கொடுக்கலாம், விலைக்கு விற்கலாம், கணவரை இழந்த தங்கைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதலாம். உரிமையே இல்லை என்று சொல்லி வாங்கும் கையெழுத்தை விட்டுக்கொடுத்தல் என்று அழைக்க முடியாது.

பாகம் பிரிக்கும் நிலை வந்தால் அக்சாவை நினைவில் வையுங்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, மோட்டாருக்கான விவசாய மின் இணைப்பு யார் பெயரில் இருந்தாலும் தண்ணீர் எடுக்கும் உரிமை யாருக்கு, வாய்க்கால் மதகிலிருந்து உங்கள் நிலத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும், வண்டித்தடம் எத்தனை அடி அகலம் என்பவை எல்லாம் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். "நம்முளுக்குள்ள என்னங்க எழுத்து" என்பார்கள். அடுத்த தலைமுறை நம்முளாக இருக்காது.

அம்மாவின் ஒன்றரை ஏக்கர் அவர் காலம்வரை அவர் பெயரிலேயே இருக்கட்டும். அதை அவரும் எழுதிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்தில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். அப்போதுதான், பராமரிப்புத் தவறினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் அந்த ஆவணத்தைச் செல்லாததாக்க வழி இருக்கும்.

பேச்சு முறிந்தால் நேரே வழக்குத்தான் என்றில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குத் தொடுக்கும் முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதுவும் தவறினால் பாகப்பிரிவினை வழக்கு. கூட்டு உரிமையாளர் ஒருவரின் கையில் நிலம் இருப்பதாலேயே மற்றவர் உரிமை போய்விடாது. ஆனால் உங்களுக்கு உரிமை இல்லை என்று அவர் வெளிப்படையாக மறுத்து அனுபவித்துவரும் நிலையில் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தால் சிக்கல் வரும். ஆகையால் மனத்தில் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் அண்ணன் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால், அதில் அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை என நால்வர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் புல எண்களுக்குக் கடந்த முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். அப்பாவின் மறைவுக்குப் பின் அதில் ஏதேனும் பதிவு தென்பட்டால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கி அனுப்புங்கள். மேற்கொண்டு சொல்ல வேண்டியதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.